எண்ணெயால் ஆன எல்லை

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், எலுமிச்சை ஊறுகாய் ஏன் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது, உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது என்றும், உப்பு அந்தச் சவ்வின் வழியாக நீரை வெளியே இழுத்துவிடுகிறது என்றும் இரண்டே வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது போதவில்லை என்று வடாற்காட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆகவே இந்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் செல் சவ்வுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் செல் சவ்வை வேலூர்க் கோட்டையின் மதிலோடு ஒப்பிட்டுப் பாடம் நடத்தினார்கள். ஆனால் பாடநூலில், சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு என்றும், அது பாய்மத் தன்மை உடையது என்றும் இருக்கிறது. எண்ணெய் போன்ற ஒரு பொருள் எப்படி மதிலாக நிற்க முடியும்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, குடியாத்தம்.

பதில்: உங்கள் ஆசிரியர் கோட்டையை உவமையாகச் சொன்னதில் தவறில்லை. உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் பிரிக்கும் எல்லை ஒன்று உண்டு, அதில் வாயில்கள் உண்டு, வாயில்களில் காவல் உண்டு என்பதை அது நன்றாகவே மனத்தில் பதிய வைக்கும். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அதையே சொன்னவன்தான். ஆனால் கோட்டையின் கருங்கற்கள் வைத்த இடத்திலேயே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறு ஒன்றோ, தன் பக்கத்து மூலக்கூறோடு ஒரே நொடியில் ஏறத்தாழ ஒரு கோடி முறை இடம் மாற்றிக்கொள்கிறது. உவமை வேண்டுமென்றால் மதிலை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள அகழியை எடுத்துக்கொள்ளுங்கள். அகழி முழுக்க நீர்தான். ஆனாலும் அது எல்லையாக இருந்து கோட்டையைக் காத்தது.

சவ்வின் அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிடு. கிளிசரால் என்ற சிறிய மூலக்கூறுக்கு மூன்று கைகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளில் நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. மூன்றாவது கையில் பாஸ்பேட்டுத் தொகுதி இருக்கிறது. சமையலறை எண்ணெயில் மூன்று கைகளிலும் கொழுப்பு அமிலமே இருப்பதால் அது நீரோடு எவ்வகையிலும் சேராது. பாஸ்போலிப்பிடின் தலையாகிய பாஸ்பேட்டுப் பகுதியோ மின்னூட்டம் உடையது; அது நீரை நாடும். வால்களாகிய கொழுப்புச் சங்கிலிகள் நீரை விட்டு விலகும். ஒரே மூலக்கூறில் இந்த இரண்டு இயல்புகளும் சேர்ந்திருப்பதுதான் சவ்வு உண்டாவதற்கான முழுக் காரணம் என்றே சொல்லலாம். இத்தகைய மூலக்கூறுகளை நீரில் விட்டால், எவரும் கட்டாமலே அவை இரண்டு வரிசைகளாகத் தாமே அணிவகுத்துவிடும்: தலைகள் இரு புறமும் நீரைப் பார்த்திருக்க, வால்கள் நடுவில் ஒன்றையொன்று நோக்கி ஒடுங்கிக்கொள்ளும். அந்த விரிப்பின் ஓரத்தில் வால்கள் நீரில் படும் நிலை இருக்கும்வரை அதற்கு நிம்மதி இல்லை. ஆகவே ஓரங்கள் ஒன்றோடொன்று கூடி, அது ஒரு மூடிய உருண்டையாகிவிடும்.

நம் ஊர்ப் பக்கம் பிள்ளைகள் காட்டாமணக்கு இலைக்காம்பை ஒடித்து, அதில் கசியும் பாலை ஒரு வளையத்தில் படலமாக ஏந்தி, ஊதிக் குமிழி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படலத்தையோ சோப்புநீர்ப் படலத்தையோ ஈரமில்லாத விரலால் தொட்டால் உடைந்துவிடும். விரலைச் சோப்புநீரில் நனைத்துக்கொண்டு மெல்லச் செலுத்தினால், விரல் ஊடுருவிச் சென்று திரும்பிய பின்பும் படலம் முழுதாக நிற்கும். கல்மதிலில் துளையிட்டால் துளை துளையாகவே இருக்கும். பாய்மப் படலத்தில் துளை தானே மூடிக்கொள்ளும். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் மிக மெல்லிய கண்ணாடி ஊசியால் கருமுட்டையைத் துளைத்து உள்ளே ஒரு விந்தணுவைச் செலுத்துகிறார்கள். ஊசியை எடுத்ததும் முட்டையின் சவ்வு கூடிக்கொள்கிறது, முட்டை பிழைத்துக்கொள்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுவே என் நேரடியான பதில்: சவ்வு எண்ணெயாக இருப்பது அதற்குக் குறையன்று, எல்லையாக நீடித்து நிற்பதற்கே அந்தத் தன்மைதான் உதவுகிறது. (சோப்புக் குமிழியில் அடுக்கு தலைகீழாக இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வெளியே காற்றும் நடுவில் நீரும் இருப்பதால், வால்கள் வெளிப்புறமும் தலைகள் உட்புறமும் பார்த்திருக்கும்.)

செல் சவ்வின் தடிமன் 7 முதல் 8 நானோமீட்டர். நீங்கள் கையில் வைத்திருக்கும் இதழின் தாள் ஒன்று ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் என்று கொண்டால், சுமார் 13,000 சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்தத் தாளின் கனம் வரும்.

கண்ணால் காண முடியாத இந்தப் பொருள் இரண்டு அடுக்கு என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில், கல்லூரிப் படிப்புக்கு வழியில்லாமல் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த ஆக்னஸ் போக்கல்ஸ் என்ற பெண், பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய் பரவுவதைக் கவனித்து, அதை அளப்பதற்கு ஒரு தகரத் தொட்டியைத் தாமே அமைத்தார். அவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அந்தத் தொட்டியைத்தான் பிற்பாடு அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் செம்மைப்படுத்தினார். 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள், இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்து, அத்தகைய தொட்டியில் ஒற்றை மூலக்கூறுப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். படலத்தின் பரப்பு, அந்தச் சிவப்பணுக்களின் மொத்தப் புறப்பரப்பைப் போல இரண்டு மடங்காக இருந்தது. கொழுப்பு இரட்டை அடுக்காக இருந்தாலன்றி அப்படி வர வழியில்லை. அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்கவும் இல்லை, அணுக்களின் புறப்பரப்பைச் சரியாகக் கணக்கிடவும் இல்லை. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் விடை சரியாக அமைந்தது. சிவப்பணுவைத் தேர்ந்தெடுத்ததும் நல்லதாகப் போயிற்று. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவோ வேறு சவ்வுகளோ கிடையாது, உள்ளதெல்லாம் வெளிச்சவ்வு ஒன்றே.

ஆனால் கொழுப்பு பாதிக் கதைதான். பெரும்பாலான செல் சவ்வுகளின் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். புரதங்கள் இரு புறமும் பூச்சுப் போலப் படிந்திருக்கின்றன என்று 1935 முதல் நெடுங்காலம் நம்பினார்கள். 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும்தான், புரதங்கள் கொழுப்பு அடுக்குக்குள் பதிந்தும் அதை ஊடுருவியும் மிதக்கின்றன என்ற பாய்ம மொசைக் மாதிரியை முன்வைத்தார்கள். வாயில், காவல் என்றெல்லாம் உங்கள் ஆசிரியர் சொன்னது இந்தப் புரதங்களைத்தான். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கொழுப்பு அடுக்கைத் தடையின்றிக் கடந்துவிடும். சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னூட்டம் உடைய அயனிகளும் குளுக்கோஸும் அந்தந்தப் புரதத்தின் துணையின்றிக் கடக்க இயலாது.

கேள்வி: என் தந்தை முப்பது ஆண்டுகள் டேனரியில் வேலை செய்தவர். பச்சைத் தோல் வந்தவுடன் உப்பைத் தடவி அடுக்கிவைப்பார்கள். அப்படி வைத்த தோல் வாரக்கணக்கில் அழுகாது. ஆனால் சில சமயம் உப்புத் தோலிலேயே செந்நிறத் திட்டுகள் தோன்றித் தோல் கெட்டுவிடும் என்பார். உப்பு எப்படிக் காக்கிறது? உப்பையும் மீறி வளர்வது எது?
– வாசகர், ராணிப்பேட்டை.

பதில்: தோலை அழுக வைப்பவை பாக்டீரியாக்கள். அவற்றின் சவ்வு நீரை விடும், உப்பை எளிதில் விடாது. அத்தகைய சவ்வின் ஒரு புறம் உப்பு மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இருந்தால், குறைந்த புறத்திலிருந்து மிகுந்த புறத்துக்கு நீர் சென்றுகொண்டே இருக்கும். இதையே பாடநூல்கள் சவ்வூடு பரவல் என்கின்றன. உப்புத் தடவிய தோலில் பாக்டீரியாவின் உள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது; சவ்வு சுருங்கி, உள்ளே வேதிவினைகள் நடக்கப் போதிய நீர் இல்லாமல் அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. தோலிலிருந்தும் உப்பு நீரை இழுத்துவிடுவதால், புதிதாக வந்து விழும் பாக்டீரியாவுக்கும் பிழைக்க இடமில்லை.

மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று எழுதியிருப்பதற்கும் இதுவே காரணம். அந்த அளவில் சிவப்பணுவுக்குள்ளும் வெளியிலும் இழுவை சமமாக இருக்கும். வெறும் நீரில் இட்டால் சிவப்பணு நீரை வாங்கி உப்பி வெடித்துவிடும். கெட்டியான உப்புநீரில் இட்டால் வற்றல் போலச் சுருங்கிவிடும். கொழுப்பு அடுக்கின் வழியே நீர் மெதுவாகத்தான் கசிய முடியும் என்றிருக்க, சிவப்பணு இவ்வளவு விரைவாக உப்புவது எப்படி என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1992-இல் பீட்டர் ஆக்ரியின் குழுவினர், நீருக்கென்றே அமைந்த வாயிற்புரதம் ஒன்று சிவப்பணுச் சவ்வில் இருப்பதை நிறுவினார்கள். அக்வாபோரின் என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம் ஒன்றின் வழியாக ஒரு நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் செல்கின்றன. ஆக்ரிக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் தந்தை கண்ட செந்நிறத் திட்டுகள், உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் வேலை. கடலோர உப்பளங்களில் வெயிலில் விளையும் உப்போடு அவை கூடவே வந்துவிடுகின்றன. உப்பளப் பாத்திகள் சிவந்து தெரிவதற்கும் அவையே காரணம். அவை பாக்டீரியா இனம் அல்ல. ஆர்க்கியா என்ற தனிப் பிரிவைச் சேர்ந்தவை. வெளியே உப்பு எவ்வளவு கெட்டியோ, அதற்கு ஈடாக உள்ளே பொட்டாசியம் உப்பைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், நீர் அவற்றை விட்டு வெளியேறுவதில்லை. அவற்றின் சவ்வும் வேறுபட்டது. நம் சவ்வில் கொழுப்புச் சங்கிலி கிளிசராலோடு எஸ்டர் பிணைப்பால் இணைந்திருக்க, அவற்றில் அதைவிட உறுதியான ஈதர் பிணைப்பு இருக்கிறது. தோல் அடுக்கு வெப்பமான, ஈரக்கசிவான இடத்தில் நெடுநாள் கிடந்தால் அவை பெருகித் தோலின் புரதத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

இந்த உப்பு தோலோடு நின்றுவிடவில்லை என்பதையும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பதனிடும் முன் தோலை ஊறவைத்து அலசும்போது உப்பு முழுவதும் கழிவுநீரில் இறங்குகிறது. அது பாலாற்றுப் படுகையிலும் கிணறுகளிலும் எவ்வளவு சேர்ந்தது என்பதை, உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு வழங்கும் அளவுக்குச் சென்ற வழக்கே காட்டும். நிலத்தில் உப்பு ஏறிவிட்டால் பயிரின் வேர்ச் செல்களுக்கும் அந்தப் பாக்டீரியாவின் கதிதான்: மண்ணில் ஈரம் இருந்தும் வேரின் சவ்வால் அதை உள்ளே இழுக்க முடியாது. வயலில் தண்ணீர் நிற்கும்போதே பயிர் வாடி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

கேள்வி: இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை நறுக்கிவைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடுகிறது. இதற்கும் சவ்வுக்கும் தொடர்பு உண்டா?
– இல்லத்தரசி, அணைக்கட்டு.

பதில்: உண்டு. காயின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சவ்வால் பிரிக்கப்பட்ட சிறு அறைகள் இருக்கின்றன. பீனால் வகைப் பொருள்கள் ஓர் அறையிலும், அவற்றைக் கறுக்க வைக்கும் நொதி வேறோர் இடத்திலும் இருக்கும். கத்தி பட்ட இடத்தில் சவ்வுகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேரக் கறுப்பு உண்டாகிறது. நறுக்கியவுடன் நீரில் போடுவது காற்றைத் தடுப்பதற்காக. கத்தி கூர்மையாக இருந்தால் நசுங்கும் செல்கள் குறையும், கறுப்பதும் குறையும்.

கேள்வி: மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது, மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் உறைவதில்லை. நம் செல்களின் சவ்வும் கொழுப்புதான் என்றால் குளிரில் அதுவும் உறையுமா? கொலஸ்ட்ரால் இந்தச் சவ்வில் இருக்கிறது என்கிறார்களே, அது கெடுதல் அல்லவா?
– வாசகி, ஆரணி.

பதில்: கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். உறைவதும் உறையாததும் கொழுப்பு அமிலச் சங்கிலியின் வடிவத்தைப் பொறுத்தது. நிறைவுற்ற சங்கிலிகள் நேராக இருக்கும். விறகுக் கட்டைப் போல நெருக்கமாக அடுக்கி உறைந்துவிடும். நிறைவுறாத சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. கோணல் சுள்ளிகளை எப்படிக் கட்டினாலும் இடைவெளி இருக்கும் அல்லவா, அதுபோல. ஸ்டியரிக் அமிலம், ஒலியிக் அமிலம் இரண்டிலும் 18 கார்பன் அணுக்கள்தான். முன்னது 69 டிகிரி செல்சியஸில் உருகும். ஒரே ஒரு மடிப்பு இருப்பதால் பின்னது 13 டிகிரியிலேயே உருகிவிடும். மல்லாட்டை எண்ணெயில் ஒலியிக் போன்ற நிறைவுறாத அமிலங்கள் மிகுதி. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்றவை மிகுதி. அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், மார்கழி இரவில் நம் ஊர் வெப்பநிலை அதற்கும் கீழே இறங்கிவிடுகிறது.

நம் உடல் எப்போதும் 37 டிகிரியை ஒட்டியே இருப்பதால், வெளியே அக்னி நட்சத்திரம் காய்ந்தாலும் மார்கழிப் பனி பெய்தாலும் நம் உள்ளுறுப்புகளின் சவ்வு அதை அறியாது. அந்த வசதி இல்லாத மீன்களும் பாக்டீரியாக்களும் குளிர் வந்தால் தம் சவ்வில் நிறைவுறாத அமிலங்களைக் கூட்டிக்கொள்கின்றன. சவ்வு உறைந்தால் என்ன ஆகும் என்பதை 1970-இல் ஃபிரை, எடிடின் ஆகிய இருவர் காட்டினார்கள். மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் இரண்டு வேறு ஒளிர்நிறங்கள் இட்டார்கள். முதலில் பாதி ஒரு நிறமும் பாதி மற்றொரு நிறமுமாகத் தெரிந்த சவ்வு, 37 டிகிரியில் 40 நிமிடங்களில் முழுதும் கலந்துவிட்டது. 15 டிகிரிக்குக் கீழே கலப்பது ஏறத்தாழ நின்றுபோயிற்று.

கொலஸ்ட்ராலைப் பற்றிய அச்சத்தைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டும். விலங்குச் செல்லின் சவ்வு அது இல்லாமல் இயங்காது. நம் சிவப்பணுச் சவ்வில் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளுக்குக் கிட்டத்தட்டச் சமமான எண்ணிக்கையில் கொலஸ்ட்ரால் மூலக்கூறுகளும் இருக்கின்றன. வெப்பம் கூடினால் சங்கிலிகள் அளவுக்கு மீறி ஆடாதபடி அது அடக்கிவைக்கும். குளிர்ந்தால் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவை நெருங்கி உறையாதபடி விலக்கிவைக்கும். நமக்குத் தேவையானதைக் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது. இரத்தத்தில் அது மிகுந்து இரத்தக்குழாய்ச் சுவரில் படிவது வேறு விஷயம். அதற்கு மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மல்லாட்டை எண்ணெய் டின்னில் கொலஸ்ட்ரால் இல்லை என்று எழுதியிருப்பதைச் சிறப்பாகக் கருத வேண்டியதில்லை. தாவரச் செல்கள் தம் சவ்வுக்கு வேறு ஸ்டீரால்களைப் பயன்படுத்துவதால், எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படியாக இருப்பதில்லை.

கேள்வி: பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்தார்கள். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் தானே, வெறும் தண்ணீரோ உப்புக் கஞ்சியோ போதாதா? இனிப்பாக இருந்தால் நன்றாகக் குடிப்பானே என்று சர்க்கரையைக் கூட்டலாமா?
– ஒரு பாட்டி, காட்பாடி.

பதில்: அம்மா, சர்க்கரையைக் கூட்டாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் குடலின் உட்புறச் செல்களில், குடலைப் பார்த்திருக்கும் சவ்வில் ஒரு வாயிற்புரதம் இருக்கிறது. அது சோடியத்தைத் தனியாக விடாது, குளுக்கோஸையும் தனியாக விடாது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே அனுமதிக்கும். இந்த இணைப்பை ராபர்ட் கிரேன் 1960-இல் எடுத்துரைத்தார். உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் மறுபுறச் சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் எக்கி (பம்பு) இரத்தத்தின் பக்கம் தள்ளுகிறது. மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் இந்த எக்கியை 1957-இல் கண்டறிந்த ஜென்ஸ் ஸ்கூவுக்கு 1997-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சோடியமும் குளுக்கோஸும் சென்ற பக்கம் நீரும் பின்தொடர்ந்து செல்லும். ஆகவே உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் சேர்ந்திருந்தால்தான் குடல் நீரை வேகமாக உறிஞ்சும்.

காலரா போன்ற கொடிய வயிற்றுப்போக்கில்கூட இந்த வாயில் பழுதடைவதில்லை என்பதுதான் மனிதகுலத்தின் நற்பேறு. காலராக் கிருமி ஒரு நச்சுப்பொருளை வெளியிடுகிறது என்பதைக் கொல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-இல் நிறுவினார். அந்த நச்சு, குடல் செல்லின் சவ்விலுள்ள ஒரு சர்க்கரைக் கொழுப்பைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து, குளோரைடு வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். குளோரைடோடு நீரும் குடலுக்குள் கொட்டும். கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும். ஒரு வாயில் இப்படித் திறந்து கிடந்தாலும், சோடியம்–குளுக்கோஸ் வாயில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலை வாய்வழியே கொடுத்தே மிகப் பலரைக் காப்பாற்றினார்.

சர்க்கரை கூடினால், குடலுக்குள் இருக்கும் கரைசல் இரத்தத்தைவிடக் கெட்டியாகி, உறிஞ்ச வேண்டிய நீரை எதிர்ப்பக்கம் இழுக்கும்; மேலே தோலில் உப்பு செய்ததைப் போலத்தான். போக்கு அதிகமாகும். பாட்டிலில் விற்கும் இனிப்புக் குளிர்பானங்களைக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய அளவின்படி, ஒரு லிட்டர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். பொட்டலத்தின் மேல் ஒரு லிட்டர் என்று இருந்தால் ஒரு லிட்டரில்தான் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். என் உறவினர் வீட்டில் ஒருமுறை ஒரு டம்ளர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். இரத்தத்தில் உப்பு ஏறி அந்தக் குழந்தை பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. அதன் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக மாறுவதால் கரைசல் கெட்டிப்படாமல் வாயிலுக்கு வேலை கொடுக்கிறது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலை அடைந்தால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிறுசங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அவை பெருங்குடல் செல்களின் சவ்வு வழியே சோடியத்தையும் நீரையும் உறிஞ்சத் தூண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இந்த எண்ணத்தைக் காலரா நோயாளிகளிடம் சோதித்து, அத்தகைய மக்காச்சோள மாவைக் கரைசலோடு சேர்த்தபோது வயிற்றுப்போக்கு குறைந்து விரைவில் நின்றதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பெருங்குடலையும் மருத்துவத்துக்குத் துணையாக்கிய அந்த யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: பள்ளி நுண்ணோக்கியில் செல் சவ்வைப் பார்க்க முடியுமா?
– முதல் கேள்வியை எழுதிய அதே குடியாத்தம் மாணவி.

பதில்: சவ்வின் தடிமனைப் பார்க்க முடியாது. ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. சவ்வு அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே, நடுவில் வெளிறிய பட்டையோடு கூடிய இரண்டு கரிய கோடுகளாக அது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் சவ்வு எங்கே இருக்கிறது என்பதை உங்கள் பள்ளியிலேயே பார்த்துவிடலாம்.

தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கும் ரியோ செடியின் இலையைத் திருப்பினால் அடிப்புறம் ஊதா நிறமாக இருக்கும். அதை மடித்துக் கிழித்து, ஊதாத் தோலை மட்டும் மெல்ல உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரிட்டுப் பாருங்கள். தேன்கூட்டு அறைகளைப் போன்ற செல்கள் ஊதா நிறத்தில் விளிம்புவரை நிறைந்திருக்கும். செல் சுவரோடு ஒட்டியிருப்பதால் சவ்வு தனியாகத் தெரியாது. இப்போது மூடித் தகட்டின் ஓரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கரைத்த நீரை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் மைஒற்றுத் தாளால் பழைய நீரை உறிஞ்சி எடுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் அறையின் மூலைகளிலிருந்து முதலில் விலகும். பிறகு எல்லாப் பக்கமும் விலகி, நிறமற்ற அறையின் நடுவில் ஓர் ஊதா உருண்டையாக ஒதுங்கி நிற்கும். நிறம் இருப்பது செல்லின் உள்ளே இருக்கும் சாற்றுப் பையில் என்பதால், நீங்கள் காணும் ஊதா விளிம்பு அந்தப் பையின் சவ்வு. அதை ஒட்டி வெளியே செல் சவ்வு இருக்கிறது. சுவர் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

அதிக நேரம் காத்திராமல் உப்புநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல நீரை விடுங்கள். செல்கள் உயிரோடு இருந்தால், ஊதா உருண்டை மெல்ல விரிந்து மீண்டும் சுவரைத் தொடும். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த மற்றொரு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் உப்பை விட்டாலும் எதுவும் சுருங்காது, ஊதா நிறம் மட்டும் சுவரைத் தாண்டி நீரில் பரவிக்கொண்டிருக்கும்.